ஸ்டியரிங் ஆடுதா? பாக்ஸைத் தொடும் முன் இதைப் பாருங்கள்

களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றும் என் மச்சானுடைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப், நாலுவழிச் சாலையில் அறுபதைத் தாண்டினாலே இடமும் வலமுமாக அலையும். ஸ்டியரிங்கை நாலு விரல் அகலம் திருப்பினாலும் சக்கரம் அசையாது. ஒரு பட்டறையில் ஸ்டியரிங் பாக்ஸ் (ஸ்டியரிங் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கடத்தும் பல்சக்கரப் பெட்டி) ஸ்குரூவை இறுக்கிக் கொடுத்தார்கள். அப்புறம் வளைவில் திருப்பினால் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வரவே இல்லை. அது இன்னும் ஆபத்து. கோளாறு இருந்ததோ டை ராடு எண்டில், அதாவது ஸ்டியரிங் ராடைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டில். பிளே (தளர்வால் வரும் வீண் ஆட்டம்) எங்கே என்று கண்டுபிடிக்காமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள்.

முதலில் டயர் காற்று. டயர் சூடாகும் முன்பே, கம்பெனி சொன்ன அளவுக்குப் பாருங்கள். குட்டம் தேரி மணலுக்காகக் காற்றை இறக்கிவிட்டு, தார் ரோட்டுக்கு வந்ததும் மறந்துவிடுகிறவர்கள் உண்டு. ஆனி, ஆடியில் பணகுடி, காவல்கிணறு பக்கம் அடிக்கிற காற்றில் நல்ல வண்டியே தள்ளாடும். ஓட்டிப் பார்ப்பதைக் காற்று அதிகம் வீசாத நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, வண்டியைச் சமதரையில் நியூட்ரலில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கி வேண்டாம், சக்கரம் தரையிலேயே இருக்கட்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைச் சின்னதாக இடவலம் ஆட்ட வேண்டும். பவர் ஸ்டியரிங் என்றால் இஞ்சின் ஓட வேண்டும். ஃபேன், பெல்ட் பக்கம் கை போகக் கூடாது.

மருமகன் ஆட்டினான், நான் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுப் பார்த்தேன். பெருவிரல் பாதி ராடிலும் பாதி மூட்டிலும் பட வேண்டும். நல்ல மூட்டில் இரண்டும் ஒன்றாக நகரும். தேய்ந்ததில் ஒன்று முந்தி நகர, மற்றது ‘டிக்’கென்று பின்னால் வரும். இடது பக்கம் விரலில் அந்த டிக் தட்டியது. ரப்பர் பூட் கிழிந்து, உள்ளே இருந்த கிரீஸ் செம்மண்ணோடு குழைந்து கருப்பட்டிப் பாகு மாதிரி இருந்தது. “மாமா, இன்னும் ஆட்டட்டுமா?” என்றான். “போதும்லே, ஆள் அகப்பட்டாச்சு.”

சரி, இனி முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்துவிட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் உள்ளே ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் சக்கரம் திரும்பும் மூட்டான பால் ஜாயிண்ட் அல்லது கிங் பின்.

டை ராடு எண்டை மாற்ற, லாக் நட்டைத் தளர்த்தி, நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னை உருவி, நட்டைக் கழற்றுங்கள். போல்ட் முனையில் அடிக்காதீர்கள், மரை கெட்டுவிடும். அந்த போல்ட் நுழைந்திருக்கும் நக்கிள் காதின் பக்கவாட்டில் சுத்தியலால் அடித்தால் கழன்றுவிடும். பழையதை எத்தனை சுற்றில் கழற்றினீர்களோ, புதியதை அத்தனை சுற்று ஏற்றுங்கள். ஸ்பிளிட் பின் புதிதாகத்தான் போட வேண்டும்.

எல்லா மூட்டும் இறுக்கமாக இருந்தும் பிளே இருந்தால்தான் பாக்ஸ். சக்கரத்தை நேராக வைத்து, லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்குரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்குங்கள். முன்சக்கரம் தூக்கியிருக்கும்போது ஸ்டியரிங் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பிடிக்காமல் சுற்ற வேண்டும். பாக்ஸுக்குப் பதில் பல் வெட்டிய ராடு உள்ள ரேக் ஸ்டியரிங் வண்டிக்கு இந்த வேலை பொருந்தாது.

கடைசியாக அலைன்மெண்ட். லிஃப்ட் கிட் போட்டு உயரம் கூட்டிய வண்டியில் காஸ்டர் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) குறைந்திருந்தால், மூட்டெல்லாம் புதிதானாலும் வண்டி அலையும். டோ (முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்து அனுப்பினால் விடாதீர்கள், காஸ்டர் அளவையும் கேட்டு வாங்குங்கள்.