ஜாவா ஜெனரிக்ஸ்: கம்பைலரின் வாயை அடைப்பதற்கு முன்

புதிதாகப் பணியில் சேர்பவர்களின் நிரலைச் சரிபார்க்கும்போதெல்லாம், ஜெனரிக்ஸ் (லிஸ்ட் போன்றவை எந்த வகை உறுப்புகளைக் கொள்ளும் என்று குறிக்கும் வசதி) பகுதியில் அதே சில தவறுகள் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகின்றன. ராவ் டைப் (உறுப்பு வகையைக் குறிக்காமல் வெறும் லிஸ்ட் என எழுதுவது) போன்றவற்றைக் கம்பைலரே எச்சரித்துவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

லிஸ்ட்<இன்டீஜர்>, லிஸ்ட்<நம்பர்> ஆகாது

இன்டீஜர் அரேயை நம்பர் அரேயாக ஜாவா ஏற்றுக்கொள்ளும். அதில் டபுளை வைத்தால் ஓடும்போது அரேஸ்டோர்எக்ஸப்ஷன் எழும். 2004-இல் ஜாவா 5 உடன் வந்த ஜெனரிக்ஸில், டைப் இரேஷர் (கம்பைல் ஆனதும் உறுப்பு வகைத் தகவல் அழிக்கப்படுவது) காரணமாக, ஓடும்போது அப்படிச் சோதிப்பதற்கான வகைத் தகவல் பட்டியலிடம் இருப்பதில்லை. ஆகவே ஒன்றை மற்றொன்றாகக் கொடுப்பதைக் கம்பைல் செய்யும்போதே தடுத்துவிடுகிறார்கள்.

'எக்ஸ்டெண்ட்ஸ்' பட்டியலுக்குள் காஸ்ட் செய்து நுழைவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். லிஸ்ட்<? எக்ஸ்டெண்ட்ஸ் நம்பர்> ஒன்றைப் பெற்றுக் கூட்டுத்தொகை காணும் மெத்தடில், அந்தத் தொகையைப் பட்டியலின் கடைசியிலேயே சேர்த்துவிட ஒருவர் விரும்பினார். கம்பைலர் மறுத்தது. "நம்பர் பட்டியலில் நம்பரைச் சேர்க்க ஏன் தடை?" என்று அவர் சலித்துக்கொண்டார். அது நம்பர் பட்டியல் அன்று. நம்பரின் கீழ்வரும் ஏதோ ஒரு வகையின் பட்டியல், அது எந்த வகை என்பது மெத்தடுக்குத் தெரியாது, ஆகவே நல் (null) என்ற வெற்று மதிப்பைத் தவிர வேறெதையும் அதில் சேர்க்க இயலாது. அவர் அதை லிஸ்ட்<நம்பர்> என்று காஸ்ட் செய்து (அதாவது வகையை வலிந்து மாற்றி), வகுப்பின் தலையிலேயே அன்செக்டு (வகை சரிபார்க்கப்படவில்லை என்ற) எச்சரிக்கையை அடக்கும் சப்ரஸ்வார்னிங்ஸ் குறிப்பை ஒட்டிவிட்டார்.

டபுள் பட்டியல்களைக் கொண்டு எழுதிய சோதனைகள் யாவும் தேறின. பின்னர் ஓர் அறிக்கைக்காக லிஸ்ட்<இன்டீஜர்> அந்த மெத்தடுக்குள் போனபோது, அதன் கடைசியில் ஒரு டபுள் சத்தமில்லாமல் அமர்ந்துகொண்டது. கிளாஸ்காஸ்ட்எக்ஸப்ஷன் வெடித்ததோ வேறொரு வகுப்பின் சாதாரண ஃபார் சுற்றில். அந்த வரியில் காஸ்ட் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. கம்பைலர் தானாகச் செருகும் காஸ்ட் அது. போட்ட இடம் ஒன்று, வெடித்த இடம் வேறொன்று என்பதால் தேடல் முழுவதும் தவறான கோப்புகளிலேயே அலைந்தது. ஐயத்துக்குரிய பட்டியலை கலெக்‌ஷன்ஸ்.செக்டுலிஸ்ட் கொண்டு பொதிந்த பிறகுதான், தவறான உறுப்பைச் சேர்க்கும் அந்த வரியிலேயே பிழை எழுந்து குற்றவாளி அகப்பட்டது.

பட்டியலிலிருந்து எடுக்க மட்டும் வேண்டுமானால் 'எக்ஸ்டெண்ட்ஸ்', அதில் போட மட்டும் வேண்டுமானால் 'சூப்பர்' என்று எழுதுங்கள். கலெக்‌ஷன்ஸ்.காப்பி மெத்தடின் அறிவிப்பைப் பாருங்கள் (டி என்பது ஒரு வகைக்குப் பதிலாக நிற்கும் டைப் பாராமீட்டர்): சேருமிடம் லிஸ்ட்<? சூப்பர் டி>, மூலம் லிஸ்ட்<? எக்ஸ்டெண்ட்ஸ் டி>. எடுக்கவும் போடவும் வேண்டுமெனில் '?' என்ற வைல்டு கார்டே வேண்டாம், லிஸ்ட்<டி> போதும். உண்மையில், மேற்கண்ட மெத்தட் கூட்டுத்தொகையை ரிட்டர்ன் செய்திருந்தாலே இந்த வினை நேர்ந்திருக்காது.

ரிட்டர்ன் டைப்பில் வைல்டு கார்டு

வைக்காதீர்கள், அழைப்பவர் நிரலெங்கும் கேள்விக்குறி பரவும்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் வரும் டைப் பாராமீட்டர்

அதற்குப் பதிலாக லிஸ்ட்<?> போதும்.

கம்பேரபிள்<டி> என்பதோடு நின்றுவிடுவது

'டி எக்ஸ்டெண்ட்ஸ் கம்பேரபிள்<டி>' என்று வரம்பிட்டு, லிஸ்ட்<டி> பெறும் மெத்தடுக்கு லோக்கல்டேட் பட்டியலைக் கொடுத்தால் கம்பைல் ஆகாது. ஏனெனில் லோக்கல்டேட் தன் மேல்வகையான குரோனோலோக்கல்டேட் வழியாகவே கம்பேரபிளை (ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் திறனை) பெறுகிறது. அது கம்பேரபிள்<லோக்கல்டேட்> அன்று. 'கம்பேரபிள்<? சூப்பர் டி>' என்று வரம்பைத் தளர்த்தினால் அதே பட்டியலை மெத்தட் ஏற்றுக்கொள்ளும், கலெக்‌ஷன்ஸ்.சார்ட் மெத்தடும் அவ்வாறே அறிவிக்கப்பட்டுள்ளது.