அம்மாவின் விசாவுக்குக் கட்டிய பிணைப்பணம் திரும்பக் கிடைத்த விதம்

யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவை மெல்பேர்னுக்குக் கூப்பிட, ஆஸ்திரேலியாவின் 600 என்ற பார்வையாளர் விசாவில் குடும்ப ஸ்பான்சர் பிரிவில் விண்ணப்பித்தோம். வந்தவர் விசா முடியுமுன் திரும்பிப் போவார் என்பதற்கு உத்தரவாதமாகக் கட்டுவதுதான் பிணைப்பணம். ஒரு முகவர் முதல் நாளே அதைத் தன்னிடம் கட்டச் சொன்னார், நல்லவேளை கொடுக்கவில்லை. குடிவரவுத் துறை எழுத்தில் கேட்ட பிறகுதான் அதைக் கட்ட வேண்டும், கட்டுவதும் ஸ்பான்சர்தான். ஒரு ஆளுக்கு 5,000 முதல் 15,000 டொலர் வரை கேட்பார்கள். எனக்கு 10,000. பாதியை அண்ணாவிடம் வாங்கினேன்.

விசாவில் 8503 நிபந்தனை இருந்தது, அதனால் இங்கே இருந்தபடி நீடிக்க வழியில்லை. இன்னும் ஒரு மாதம் நிற்கிறேனே என்று அம்மா கேட்டபோது மனசு தாங்கவில்லை, ஆனாலும் விசா முடிய ஒரு வாரம் முன்பே டிக்கெட் போட்டேன், நாள் தாண்டினால் பிணைப்பணம் போய்விடலாம்.

அம்மா ஊர் திரும்பி 6 வாரமாகியும் பணம் வரவில்லை. தானாக வரும் என்று நான் நினைத்ததுதான் பிழை. கட்டிய ரசீது, போர்டிங் பாஸ், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் முத்திரை குத்திய பாஸ்போர்ட் பக்கம் எல்லாவற்றையும் இணைத்து, திருப்பித் தரும்படி எழுதிக் கேட்டேன். முழுத் தொகையும் வந்தது. அண்ணாவின் பங்கை அன்றைக்கே அனுப்பிவிட்டேன்.