குளத்தை அதிகமாகக் கழுவியதுதான் தப்பு

தோட்டத்துக் குளம் பச்சையாகிக்கொண்டே இருந்தது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. முழுத் தண்ணீரையும் இறைத்து, சுவரைத் தேய்த்து, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று ஆகும்வரை பிழிந்தேன். நாலே நாளில் மறுபடி பச்சை. பாசி மருந்து ஊற்றினேன். செத்த பாசி அழுகி ஆக்ஸிஜனைத் தின்றதில் மீன்கள் இன்னும் திணறின.

தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில், மீனுக்கு விஷமான அம்மோனியா 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) காட்டியது. இருக்க வேண்டியது 0. அப்புறம்தான் பிடிபட்டது: ஸ்பாஞ்சில் இருந்த பழுப்பு வழவழப்பு அழுக்கே இல்லை. மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. குழாய்த் தண்ணீரின் குளோரின் அதைக் கொன்றுவிடும்.

இந்த முறை ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரையே மொண்டு, ஸ்பாஞ்சை இரண்டு தடவை அமுக்கி எடுத்ததோடு சரி. பம்பை இரவிலும் நிறுத்தவில்லை. ஓட்டம் நின்றால் ஆக்ஸிஜன் இல்லாமல் பாக்டீரியா செத்துப்போகும். அம்மோனியா இறங்கும்வரை இரை மிகக் குறைவு. வாரத்துக்கு 10–15 சதவீதம் தண்ணீர் மட்டும் மாற்றினேன், அதையும் குளோரின் நீக்கி ஊற்றினேன். பரப்பில் பாதியை அல்லி இலை மூடியதால் பாசிக்கு வெயிலும் குறைந்தது.

ஐந்தாவது வாரம் அம்மோனியா 0. அடியில் கிடந்த கூழாங்கற்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. உதிர்ந்த இலையையும் அடிச்சேற்றையும் மட்டும் இப்போது வலையால் அள்ளுகிறேன். சுவரில் ஒட்டிய மெல்லிய பாசியைத் தொடுவதில்லை.