வாட்ச் ஸ்ட்ராப்பின் வளையம் அறுந்துவிட்டதா? நீங்களே மாற்றிவிடலாம்

ஓட்டத்துக்கும் நீச்சலுக்கும் கட்டுகிற வாட்சில் முதலில் போவது பெரும்பாலும் இந்த வளையம்தான். பக்கிளில் மாட்டிய பிறகு ஸ்ட்ராப்பின் நுனி துருத்தி நிற்காமல் அடக்கிப் பிடிக்கிறதே, அந்தச் சின்ன லூப். அது போய்விட்டால் நுனி ஆடிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதானே என்று விட்டுவிடாதீர்கள். ஆடுகிற நுனி சட்டைக் கையிலோ தோள்பையின் பட்டையிலோ மாட்டி இழுபட்டால், பக்கிள் முள் துளையிலிருந்து கழன்று வாட்சே கீழே விழும். எனக்கு அப்படி விழுந்து கண்ணாடியின் ஓரம் சிதறிய பிறகுதான் இந்த வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். வளையத்தைச் சரியாக அளந்துவிட்டால் மாட்டுவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

பசை வேண்டாம்

அறுந்த வளையத்தைச் சூப்பர் குளூ வைத்து ஒட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். சிலிகோனில் அது பிடிக்காது. கெட்டியான பிளாஸ்டிக் வகையில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் காய்ந்த பசைக்கு வளையும் தன்மை கிடையாது. நுனியை நான்கு தடவை நுழைத்து எடுத்தால் அதே கோட்டில் மறுபடியும் விண்டுவிடும். அதற்குள் அந்தக் காய்ந்த விளிம்பு மணிக்கட்டைக் கீறியிருக்கும்.

முதலில் பாருங்கள்

பழைய வளையத்தைத் தூக்கி எறியாதீர்கள். மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, அது எந்தப் பாதியில் இருந்தது? பெரும்பாலான வாட்சுகளில் பக்கிள் இருக்கும் குட்டைப் பாதியில் இருக்கும். சிலவற்றில் துளைகள் உள்ள நீளப் பாதியில் இருக்கும். அப்படியென்றால் உங்களுக்கு வேலையே இல்லை, புதியதை நுனி வழியாகக் கோத்துவிடலாம்.

இரண்டு, அது எதனால் ஆனது? விரலால் இழுத்துப் பாருங்கள். ரப்பர் மாதிரி நீண்டு திரும்பினால் சிலிகோன். நீளாமல் விறைப்பாக இருந்தால் பாலியூரித்தேன் போன்ற பிளாஸ்டிக். பாலியூரித்தேன் வியர்வையிலும் ஈரத்திலும் வருடக்கணக்கில் ஊறி மெல்ல மெல்லச் சிதையும் பொருள். வளையத்தின் உள் மூலைகளை வளைத்துப் பாருங்கள், முடி போல மெல்லிய வெளிறிய கோடு தெரியும். விரிசல் ஆரம்பிக்கும் இடம் அதுதான். உங்கள் ஸ்ட்ராப்பில் இரண்டு வளையம் இருந்தால், அறுந்துபோகாத இன்னொன்றையும் இப்படிப் பார்த்துவிடுங்கள்.

மூன்று, உள்பக்கம் சின்ன முளை ஏதாவது இருக்கிறதா? துளைக்குள் உட்கார்ந்து வளையம் நகராமல் தடுப்பதற்காகச் சிலவற்றில் வைத்திருப்பார்கள். இருந்தால் புதியதும் முளை உள்ளதாகவே வாங்குங்கள்.

அளவெடுப்பது எப்படி

தவறு நடப்பதெல்லாம் இங்கேதான். ஸ்ட்ராப்பை 20 மி.மீ., 22 மி.மீ. என்று சொல்லி விற்கிறார்களே, அது வாட்சோடு சேரும் இடத்தின் அகலம். பல ஸ்ட்ராப்கள் பக்கிளை நோக்கிப் போகப் போகக் குறுகும். அங்கே 22 இருந்தால் வளையம் உட்காரும் இடத்தில் 20 அல்லது 18கூட இருக்கலாம். 22 என்று நம்பி வாங்கினால் தொளதொளவென்று ஓடும்.

அதோடு, வளையத்துக்குள் போவது ஒரு அடுக்கு அல்ல, இரண்டு. எனவே வாட்சைக் கையில் கட்டிக்கொள்ளுங்கள். நுனி பக்கிளைத் தாண்டி மற்றப் பாதியின்மேல் படிந்திருக்கும் இடத்தில், இரண்டு அடுக்கையும் சேர்த்து அளவெடுக்க வேண்டும். ஸ்கேலில் அகலம் பார்த்துவிடலாம். சுற்றளவுக்கு ஒரு மெல்லிய காகிதத் துண்டு போதும்: பக்கிளைக் கழற்றி, வாட்சை மேஜையில் வைத்து, அதே துளையில் மறுபடி மாட்டி, அந்த இடத்தில் காகிதத்தை ஒரு சுற்றுச் சுற்றி, முனை சேரும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு, விரித்து அளங்கள். உதாரணமாக அகலம் 20 மி.மீ., ஒரு அடுக்கின் தடிமன் 2.5 மி.மீ. என்றால், சுற்றளவு 50 மி.மீ. வரும்.

சிலிகோன் என்றால் இதே அளவோ ஒரு பொட்டுக் குறைவாகவோ இருக்கலாம், இழுபட்டுக் கவ்விப் பிடிக்கும். கெட்டி பிளாஸ்டிக் என்றால் அகலத்தில் அரை முதல் ஒரு மி.மீ. கூடுதலாக வேண்டும். வாங்கும்போது "வளையத்தின் உள் அகலம் எவ்வளவு?" என்று கேளுங்கள், ஸ்ட்ராப் அளவைச் சொன்னால் போதாது.

புதியது வந்து சேரும்வரை, பழைய சைக்கிள் டியூபிலிருந்து 6 மி.மீ. அகலத்துக்கு ஒரு வளையம் வெட்டிப் போட்டுக்கொள்ளலாம். மேலே சொன்ன 50 மி.மீ. சுற்றளவுக்கு, தட்டையாக மடித்தால் 23–25 மி.மீ. வரும் டியூப் சரியாக இருக்கும். இதை நான் முழு மனதோடு சொல்கிறேன், நன்றாகவே தாங்குகிறது.

மாட்டுவது

சிலிகோன் வளையம் என்றால் எதையும் கழற்ற வேண்டாம். வளையத்தின் உட்புறத்தில் ஒரு சொட்டுச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். எண்ணெய் கூடாது, அப்புறம் வழுக்கிக்கொண்டே இருக்கும். பக்கிளின் ஒரு மூலையை முதலில் நுழைத்து, அடுத்த மூலைக்கு மேலாக மெதுவாக இழுத்து உள்ளே தள்ளுங்கள். நகம் படாமல் விரல் சதையால் இழுங்கள், நகம் பட்ட இடத்தில் கிழியும்.

கெட்டி வளையம் பக்கிளைத் தாண்டாது. வாட்சின் பக்கமாகக் கோக்கலாமே என்று தோன்றும். ஸ்ட்ராப் அங்கேதான் அகலம் அதிகம், தடிமனும் அதிகம், பாதியில் சிக்கிக்கொள்ளும். பக்கிளைக் கழற்றுவதுதான் சரியான வழி. முதலில் போனில் ஒரு போட்டோ எடுங்கள், முள் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று பிறகு குழம்ப வேண்டியிருக்காது.

பக்கிளைப் பிடித்திருப்பது பெரும்பாலும் ஸ்பிரிங் பார். இரண்டு முனையும் உள்ளே அமுங்கும் சின்னக் கம்பி. கவைமுனை உள்ள கருவியை ஸ்ட்ராப்புக்கும் பக்கிளுக்கும் நடுவில் விட்டு, கம்பியின் விளிம்பில் மாட்டி, கம்பியின் நடுப்பக்கமாக அமுக்குங்கள். முனை துளையை விட்டு வெளியே வரும். வந்த வேகத்தில் கம்பி தெறித்து ஓடும், ஆகவே இந்த வேலையை ஒரு தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் கைவிட்டுச் செய்யுங்கள். இரண்டு பக்கமும் ஸ்க்ரூ தலை தெரிந்தால் அது வேறு வகை. அதற்குப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் தொடாதீர்கள்.

புதிய வளையம் விறைப்பாக இருந்தால் அதை மட்டும் கை பொறுக்கும் வெந்நீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுங்கள். வாட்சை வெந்நீரில் காட்டவே கூடாது. வளையத்தைக் கோத்து, பக்கிளையும் முள்ளையும் பழையபடி வைத்து, கம்பியின் ஒரு முனையைத் துளையில் நிறுத்தி மறுமுனையை அமுக்கி விடுங்கள். 'டிக்' என்று உட்காரும். கேட்டதோடு விடாமல் பக்கிளை இரண்டு பக்கமும் திருகி இழுத்துப் பாருங்கள். ஒரு முனை துளையில் விழாமல் விளிம்பில் நின்றிருந்தாலும் அதே சத்தம் வரும்.

போட்டுப் பார்த்தல்

கையில் கட்டி, வளையத்தை நுனிக்கு அருகே நகர்த்தி, கையை நன்றாக உதறுங்கள். வளையம் தானாக நகர்ந்தால் அளவு பெரிது. நுனியை நுழைக்க மல்லுக்கட்ட வேண்டியிருந்தால் சிறிது. அதையே வைத்துக்கொண்டால் மூலையில் சீக்கிரமே விரிசல் விடும்.

கொசு விரட்டும் க்ரீம், சன்ஸ்கிரீன் எல்லாம் தோலில் காய்ந்த பிறகு வாட்சைக் கட்டுங்கள். வியர்த்த அன்று நல்ல தண்ணீரில் ஸ்ட்ராப்பை அலசித் துடைத்துவிடுங்கள். கழற்றும்போது நுனியைப் பக்கவாட்டில் வெடுக்கென்று இழுப்பதுதான் வளையத்தை அறுக்கிறது. வளையத்தை முதலில் நகர்த்திவிட்டு, நுனியை நேராக உருவுங்கள்.