கணவர் பெயருக்குள் தொலையும் பெண் விமானிகள்: போர்க்கால ஆவணங்களில் நாம் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு கல்லூரி மாணவி தன் கட்டுரையைப் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது தொழிற்சாலைகளிலிருந்து விமானத் தளங்களுக்குப் போர் விமானங்களை ஓட்டிக்கொண்டுபோய் ஒப்படைத்த பிரிட்டிஷ் பெண்களைப் பற்றியது. நல்ல உழைப்பு. ஆனால் நான்காம் பக்கத்தில், ஒரு விமானியைப் பற்றி, 1942க்குப் பிறகு இவர் பெயர் பதிவுகளில் இல்லை, விபத்தில் இறந்திருக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கிட்டத்தட்ட அதே வரியை நானும் எழுதினேன். அது அச்சிலும் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு இந்தத் துறையில் புதிதாக நுழைந்த ஏழெட்டுப் பேரின் கட்டுரைகளைப் பார்த்துவிட்டேன். எல்லோரும் ஒரே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். எழுத்துப் பிழை, விமான எண்ணில் ஓர் இலக்கம் விட்டுப்போவது போன்றவற்றை நான் சொல்ல வேண்டியதில்லை. யாரும் சொல்லாமல் விடுகிறவற்றை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. பிரிட்டனில் இந்த வேலையைச் செய்த அமைப்பின் பெயர் ஏர் டிரான்ஸ்போர்ட் ஆக்ஸிலரி, சுருக்கமாக ஏ.டி.ஏ. தலைமையிடம் ஒயிட் வால்தம். 1940 ஜனவரி 1 அன்று பாலின் கோவர் தலைமையில் எட்டுப் பெண்கள் ஹாட்ஃபீல்டில் சேர்ந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டவை டைகர் மாத் என்ற சிறிய பயிற்சி விமானங்கள். மூடியில்லாத இருக்கையில் கொட்டும் குளிரில் ஸ்காட்லாந்து வரை ஓட்டிப் போனார்கள். 1941 ஜூலையில்தான் ஹரிகேன் என்ற போர் விமானம் அவர்கள் கைக்கு வந்தது. போர் முடிவதற்குள் ஆண்களும் பெண்களுமாக அந்த அமைப்பு ஒப்படைத்த விமானங்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். அமெரிக்காவில் இதே வேலையைச் செய்த பெண்கள் 'வாஸ்ப்' என்ற பெயரில் ஒன்றுசேர்ந்தார்கள். இரண்டு நாட்டு ஆவணங்களும் வேறு வேறு பழக்கத்தில் எழுதப்பட்டவை. சிக்கல் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

தேதியை நம் பழக்கத்தில் படிப்பது

அமெரிக்கக் காகிதத்தில் 8-5-43 என்று இருந்தால் அது 1943 ஆகஸ்ட் 5. நான்ஸி லவ் தொடங்கிய குழுவும் ஜாக்குலின் காக்ரனின் பயிற்சிக் குழுவும் இணைந்து வாஸ்ப் ஆன நாள் அது. நம் கண்ணுக்கு மே 8 என்றுதான் படும். அப்படி எழுதிவிட்டால் மூன்று மாத வரலாறு தலைகீழாகிவிடும். பயிற்சி வகுப்பு எண்ணையும் இதே போலத் தப்பாகப் படிக்கிறார்கள். 44-டபிள்யூ-10 என்பது 1944ஆம் ஆண்டின் பத்தாவது வகுப்பு. அவர்கள் அக்டோபரில் முடிக்கவில்லை. டெக்சாஸின் அவெஞ்சர் ஃபீல்டில் டிசம்பர் 7 அன்று பட்டம் பெற்றார்கள். அடுத்த பதின்மூன்றாம் நாள் அமைப்பே கலைக்கப்பட்டுவிட்டது.

இவர்களைச் சண்டை விமானிகள் என்று எழுதுவது

இவர்கள் சண்டைக்குப் போகவில்லை.

பெயர் நின்றால் ஆள் இல்லை என்று முடிவு கட்டுவது

இதுதான் என்னை இன்றுவரை உறுத்துகிற தவறு. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அப்போது என்னிடம் ஏ.டி.ஏ. தளம் ஒன்றின் தினசரிப் பதிவுகளின் நகல் இருந்தது. எந்த விமானி, எந்த விமானத்தை, எங்கிருந்து எங்கே கொண்டுபோனார் என்று வரி வரியாக இருக்கும். ஒவ்வொரு விமானிக்கும் ஒரு அட்டை போட்டேன். எட்டு மாத வேலை. அதில் ஒரு பெண் 1941இல் தொடங்கி 1943 நடுப்பகுதி வரை வாரத்துக்கு நான்கைந்து நாள் பறந்துகொண்டே இருந்தார். அப்புறம் சட்டென்று நின்றுவிட்டார். பணிவிலகல் குறிப்பு இல்லை, இடமாற்றம் இல்லை. நான் பார்த்த விபத்துப் பட்டியல்களும் முழுமையானவை அல்ல. இறந்திருக்கக்கூடும் என்று எழுதினேன். கட்டுரையை வெளியிட்ட சிற்றிதழில் தலைப்புக்காக அந்தக் "கூடும்" போய்விட்டது. பக்கத்தைப் பார்த்தபோது அவர் 'போரில் மறைந்த விமானி' ஆகியிருந்தார். நானும் மறுப்பு எழுதவில்லை.

இரண்டு வருடம் கழித்து அந்தப் பெண்ணின் மகனிடமிருந்து கடிதம் வந்தது. கட்டுரையை யாரோ அவருக்கு மொழிபெயர்த்துக் காட்டியிருக்கிறார்கள். அவருடைய அம்மா 1943இல் ஒரு சனிக்கிழமை திருமணம் செய்துகொண்டு அடுத்த வாரமே வேலைக்குத் திரும்பியவர். போர் முடியும்வரை பறந்தவர். தொண்ணூறு வயதுக்கு மேல் வாழ்ந்தவர். கடிதத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

எழுந்துபோய் அட்டைப் பெட்டியைத் திறந்தேன். கணவர் பெயரில் அவருக்கு இன்னொரு அட்டை அங்கேயே இருந்தது. நானே எழுதியது. 'புதிதாகச் சேர்ந்தவர், மிகத் திறமையானவர், முதல் மாதத்திலேயே வெலிங்டன் குண்டுவீச்சு விமானம் ஓட்டியிருக்கிறார்' என்று பாராட்டிக் குறித்துவைத்திருந்தேன்.

தடயம் அந்தக் குறிப்பிலேயே இருந்தது. ஏ.டி.ஏ.வில் விமானங்கள் ஆறு வகுப்பாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஒன்றாம் வகுப்பு, இலேசான ஒற்றை இன்ஜின் விமானங்கள். இரண்டாம் வகுப்பு, ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் போன்ற வேகமான ஒற்றை இன்ஜின் விமானங்கள். மூன்றும் நான்கும் இரட்டை இன்ஜின். ஐந்து, நான்கு இன்ஜின் கொண்ட பெரிய குண்டுவீச்சு விமானங்கள். ஆறு, நீரில் இறங்குபவை. ஒவ்வொரு படியாகப் பயிற்சி முடித்துத்தான் அடுத்த வகுப்புக்குப் போக முடியும். நேற்றுச் சேர்ந்த ஒருவர் இன்று நான்காம் வகுப்பு வெலிங்டனில் ஏற வழியே இல்லை. முதல் வரியிலேயே வெலிங்டனோடு ஒரு புதுப்பெயர் வருகிறதென்றால் அது பழைய விமானியின் புதுப்பெயர். அல்லது வேறு தளத்திலிருந்து மாறி வந்தவர். இந்த இரண்டில் எது என்று பார்க்காமல் நான் பாராட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

இத்தனைக்கும் இது நமக்குப் புதிய சங்கதியா? என் அம்மாவின் பள்ளிச் சான்றிதழில் தாத்தாவின் இனிஷியல். ரேஷன் கார்டில் அப்பாவின் இனிஷியல். பென்ஷன் வாங்கப் போன இடத்தில் இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அம்மா எத்தனை தடவை அலைந்தார் என்று எனக்குத் தெரியும். வீட்டில் பார்த்ததை ஆவணத்தில் பார்க்கத் தெரியவில்லை.

பெயர் எத்தனை விதமாக மாறும் என்று பாருங்கள். நானூறு ஸ்பிட்ஃபயர்கள் உட்பட ஆயிரம் விமானங்களை ஓட்டியவர் என்று போற்றப்பட்ட மேரி எல்லிஸை 1940களின் பதிவில் அந்தப் பெயரில் தேடினால் கிடைக்கமாட்டார். அப்போது அவர் மேரி வில்கின்ஸ், திருமணம் 1961இல். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஜாக்கி சோரூர் 1945 ஜனவரியில் ஜாக்கி மாக்ரிட்ஜ் ஆனார். டயானா பர்னாட்டோ 1944 மேயில் டயானா வாக்கர் ஆனார். ஆன் வெல்ச் பிறந்தது ஆன் எட்மண்ட்ஸ் என்ற பெயரில், ஏ.டி.ஏ.வில் பறந்தது ஆன் டக்ளஸ் என்ற பெயரில், உலகம் அறிந்தது மூன்றாவது பெயரில். புகழ்பெற்ற விமானி ஏமி ஜான்சன் இதற்கு நேர் எதிர். 1930களில் அவர் ஏமி மோலிசன். மணமுறிவுக்குப் பிறகு பிறந்த வீட்டுப் பெயருக்குத் திரும்பினார்.

இன்னொரு தொந்தரவு, அந்தக்கால ஆங்கில வழக்கத்தில் 'மிஸஸ்' என்று போட்டுக் கணவரின் முதலெழுத்தையே எழுதிவிடுவார்கள். ஃபேர்வெதர் என்ற பெயர் வந்தால் இரண்டு முறை நின்று படியுங்கள். டக்ளஸ் ஃபேர்வெதரும் ஏ.டி.ஏ. விமானி. அவர் மனைவி மார்கரெட்டும் விமானி, முதல் எட்டுப் பெண்களில் ஒருவர். இருவரும் 1944இல், நான்கு மாத இடைவெளியில், பணியிலேயே இறந்தார்கள். ஒரு மரணத்தை இன்னொருவர் கணக்கில் எழுதிவிட எத்தனை நேரம் ஆகும்?

சரி, என்னதான் செய்வது? நான் இப்போது அட்டையின் தலையில் பிறந்த தேதியை எழுதுகிறேன். பெயர்கள் அதன் கீழே வரிசையாக வரும். ஒன்றை அடித்துவிட்டு இன்னொன்றை எழுதுவதில்லை. போருக்கு முன்பே உரிமம் எடுத்தவர்கள் பலருக்கு ராயல் ஏரோ கிளப் சான்றிதழ் அட்டை இருக்கிறது. அதில் பிறந்த தேதியும் பெரும்பாலும் புகைப்படமும் இருக்கும். ஒரு பெயர் நின்ற வாரத்திலும் அடுத்த இரண்டு வாரத்திலும் அதே தளத்தில் புதிதாக முளைத்த பெயர்களைத் தனியாக எடுத்து, அவர்கள் எந்த வகுப்பு விமானத்தில் தொடங்குகிறார்கள் என்று பார்க்கிறேன். சந்தேகம் தீராவிட்டால் விமானத்தின் வரிசை எண்ணைப் பிடித்துப் போகிறேன். ஆளின் பெயர் மாறினாலும் அந்த எண் மாறாது. ஒப்படைப்புச் சீட்டிலும், விமானி தன் பயணங்களைத் தானே குறித்துவைக்கும் லாக் புக்கிலும், தளப் பதிவிலும் ஒரே எண்தான் இருக்கும். (அந்தச் சீட்டை அவர்கள் 'சிட்' என்றார்கள். அந்த ஆங்கிலச் சொல் இந்தியாவிலிருந்து போனது.) ஒரே நாள், ஒரே எண், தளப் பதிவில் ஒரு பெயர், லாக் புக்கில் வேறு பெயர் என்றால் முடிச்சு அவிழ்ந்துவிட்டது.

அந்தச் சிற்றிதழில் பிறகு திருத்தம் போடச் சொன்னேன். கடைசிப் பக்கத்தில் நான்கு வரி வந்தது. அதை யாரும் படிக்கவில்லை. என் பழைய கட்டுரையை ஆதாரமாகக் காட்டி அந்தப் பெண்ணை இறந்தவர் பட்டியலில் சேர்த்த கட்டுரைகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. பார்க்கும்போதெல்லாம் எழுதியவருக்குக் கடிதம் போடுகிறேன்.

எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொள்வது

வாஸ்ப் என்றால் 1,074 பேர் என்று எங்கும் இருக்கும். அது பயிற்சிப் பள்ளியில் தேறியவர்களின் கணக்கு. நான்ஸி லவ்வின் முதல் குழுவில் ஏற்கெனவே அனுபவத்தோடு வந்த 28 பேர் அதில் சேரமாட்டார்கள். இறந்தவர்கள் 38 என்பதிலும் 11 பேர் பயிற்சியில் இறந்தவர்கள். எண்ணோடு சேர்த்து, அது யாரை எண்ணியது என்பதையும் எழுதுங்கள்.

படத்தில் இருப்பதெல்லாம் ஸ்பிட்ஃபயர்

1944இல் 'பிக்சர் போஸ்ட்' என்ற பிரிட்டிஷ் இதழின் அட்டையில் வந்த ஏ.டி.ஏ. விமானி மோரீன் டன்லப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், முடியைக் கோதியபடி விமானத்திலிருந்து இறங்குவார். அந்த விமானம் ஸ்பிட்ஃபயர் அல்ல, ஃபேரி பராகுடா என்ற குண்டுவீச்சு விமானம்.

காகிதம் இல்லாத இடத்தைக் கற்பனையால் நிரப்புவது

லாக் புக் பேசாது. விமான வகை, எண், புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், நேரம். அவ்வளவுதான். 'நெஞ்சு படபடக்க அவர் ஏறினார்' என்று எழுதக் கை துடிக்கும். அதற்குப் பதிலாக அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருந்த வேலையைத் தேடுங்கள். அவர்கள் ரேடியோ இல்லாமல், வரைபடத்தையும் தரையில் தெரிந்த ரயில் பாதையையும் பார்த்துப் பறந்தார்கள். அதுவரை தொட்டே பார்க்காத வகை விமானம் வந்தால், வளையத்தில் கோத்த சின்னக் குறிப்பேட்டில் அந்த விமானத்துக்கான பக்கத்தைப் படித்துவிட்டு ஏறினார்கள். இருபது நிமிடப் பயணம் என்ற ஒரு வரிக்குள் இது எல்லாம் இருக்கிறது.

பதிவு இல்லாததே ஒரு செய்தியாகவும் இருக்கும். வாஸ்ப் விமானி கெர்ட்ரூட் டாம்ப்கின்ஸ் 1944 அக்டோபர் 26 அன்று லாஸ் ஏஞ்சலிஸின் மைன்ஸ் ஃபீல்டிலிருந்து ஒரு மஸ்டாங் விமானத்தோடு புறப்பட்டார். காகிதத்தில் நடந்த குளறுபடியால் அவர் காணாமல் போனதே உடனே யாருக்கும் தெரியவில்லை. சில நாள் கழித்துத்தான் தேடுதல் தொடங்கியது. அவரும் கிடைக்கவில்லை, விமானமும் கிடைக்கவில்லை. அவருக்குத் திருமணமாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஆகவே அவரையும் டாம்ப்கின்ஸ், சில்வர் என்று இரண்டு பெயரிலும் தேட வேண்டும்.

ஏமி ஜான்சன் மர்மம்

1941 ஜனவரியில் ஏ.டி.ஏ. பணியில் பறந்தபோது அவர் தேம்ஸ் கழிமுகத்தில் விழுந்து இறந்தார், உடல் கிடைக்கவில்லை. எப்படி நடந்தது என்ற மர்மத்தை விட்டுவிட்டு மற்றவர்களைத் தேடுங்கள்.

உள்பக்கங்களை மட்டும் நகல் கேட்பது

பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்குவார்கள் என்பதால் லாக் புக்கின் அட்டையையும் முதல் பக்கத்தையும் நாம் விட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் விட்டேன். அந்த மகன் தன் கடிதத்தோடு அம்மாவின் லாக் புக் முதல் பக்கத்தின் படத்தையும் வைத்திருந்தார். பிறந்த வீட்டுப் பெயரின் மேல் மெல்லிசாக ஒரு கோடு. அதன் கீழே, வேறு மையில், புதுப் பெயரும் தேதியும்.