யார் பக்கத்தில் யார் நின்று பாடினார்கள்: வெள்ளவத்தை ஹோலில் ஒரு பீற்றில்ஸ் மாலை

அறுபதுகளின் ஆங்கிலேய பாண்ட் பீற்றில்ஸின் ரசிகர்கள் நாலு பேர் ஒரு ஹோலில் கூடினால் அரை மணித்தியாலத்துக்குள் பேச்சு ஜோன் லெனனின் மனைவி யோக்கோவில் வந்து நிற்கும்: பாண்டைப் பிரித்தது அவர்தானா என்று. பாட்டு ஒரு பக்கம் ஓடும், கேட்க ஆளிருக்காது. பாண்டின் நாலு பேரில் ஜோனும் போலும் எப்படி ஒட்டிக்கொண்டார்கள், ஜோர்ஜ் எவ்வளவு காலம் பொறுத்தார், ரிங்கோ ஏன் ஒருமுறை எழும்பிப் போனார் என்பதற்கெல்லாம் சாட்சி ஒலிப்பதிவிலேயே இருக்கிறது. யார் யாருடைய மைக்கில் பாடுகிறார், யார் அறையிலேயே இல்லை என்று காதால் பிடிக்கலாம். அதற்கென ஒரு மாலையை ஒழுங்கு செய்யும் முறை இது.

ஸ்பீக்கர் வைக்கும் முறை

ஆறு பேருக்கு மேல் கூப்பிட வேண்டாம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி பிளாட்டுகளில் ஹோல் பன்னிரண்டு அடிக்குப் பத்தடி இருந்தாலே பெரிது. அதற்குள் இரண்டு ஸ்பீக்கரும் சரிசமமாகக் கேட்கிற இடம் ஐந்தாறு கதிரை அளவுதான். ஸ்பீக்கர்களை இரண்டு மீற்றர் இடைவெளியில், இருப்பவரின் காது உயரத்தில், சுவர் மூலையிலிருந்து ஒரு முழமாவது தள்ளி வையுங்கள். மூலையில் ஒட்டினால் பேஸ் குமுறி, குரல் அதற்குள் அமுங்கிவிடும். கதிரைகள் இரண்டு, இரண்டரை மீற்றர் பின்னால்.

ஒற்றைப் பெட்டி புளூரூத் ஸ்பீக்கர் இந்த வேலைக்கு உதவாது. 1963இல் வந்த முதல் இரண்டு அல்பங்களும் இரண்டு தடம் மட்டுமே உள்ள ரேப்பில் பதிவானவை. ஸ்ரீரியோவில் வாத்தியங்கள் இடப்பக்கம், குரல்கள் வலப்பக்கம். மோனோவுக்கு, அதாவது எல்லாம் ஒரே தடத்தில் வரும்படி, கலக்க வசதியாக அப்படிப் பிரித்துப் பதிந்ததை நாங்கள் இன்றைக்கு ஒரு பூதக்கண்ணாடி போலப் பாவிக்கலாம். ஒற்றைப் பெட்டியில் இரண்டும் கலந்துவிடும்.

சோதித்துப் பார்ப்பது சுகம். முதல் அல்பத்தின் முதல் பாட்டு 'ஐ சோ ஹேர் ஸ்ராண்டிங் தேர்'. அதைப் போட்டு வலது ஸ்பீக்கரின் வயரைக் கழற்றுங்கள்; பலன்ஸ் குமிழ் இருந்தால் இடப்பக்கம் முழுதாகத் திருப்புங்கள். பாடகர்கள் ஓய்ந்து பாண்ட் மட்டும் வாசித்தால் எல்லாம் சரி. இடது ஸ்பீக்கரைக் கழற்றும்போது பாட்டு ஓய்ந்தால் வயர்கள் மாறியிருக்கின்றன. இரண்டிலும் எல்லாம் கேட்டால் ஒன்றில் அம்பிளிபயர் மோனோவில் நிற்கிறது, அல்லது கையில் இருப்பது மோனோப் பதிப்பு. 1987இல் முதன்முதல் சீடியாக வந்தபோது முதல் நாலு அல்பங்களும் மோனோவில்தான் வந்தன. வீட்டு அலுமாரியில் அந்தச் சீடி இருந்தால் அது மாலையின் இந்தப் பகுதிக்குப் பயன்படாது. 2009 ஸ்ரீரியோப் பதிப்பைத் தேடுங்கள். 2023இல் வந்த புதுக்கலவைகள் காதுக்கு இனிமைதான், ஆனால் குரலை நடுவுக்குக் கொண்டுவந்து, நாங்கள் தேடுகிற பிரிப்பையே மறைத்துவிடுகின்றன.

(காலி வீதி 101 பஸ்ஸில் ஆளுக்கொரு காதுக்குழாயாகப் பங்குபோட்டு இந்த அல்பத்தைக் கேட்கிறவர்களுக்கு: இடது காது கிடைத்தவருக்குப் பாட்டுக்காரர் இல்லை.)

றெக்கோட்டில் கேட்பதென்றால்

கட்டாயமில்லை. ஆனால் ரேர்ன்ரேபிள் இருக்கிற வீட்டில் அதைப் பாவிக்காமல் விட மனம் வராது. கொழும்பில் அதைக் கெடுக்க மூன்று பேர் காத்திருக்கிறார்கள்: ரயில், ஈரம், வெளிநாட்டுச் சொந்தக்காரர்.

கடலோரப் பாதையில் ரயில் போகும்போது கட்டடம் லேசாக அதிரும். கைக்குத் தெரியாத அந்த அதிர்வு ஊசிக்குத் தெரியும். ஸ்பீக்கரில் உறுமலாக வரும், மெத்தப் பலமென்றால் ஊசி துள்ளும். ஆட்டம் காணும் மர ஸ்டாண்டில் வைக்காமல் சுவரில் அறைந்த தட்டில் வையுங்கள். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாதென்றால், இரண்டு டென்னிஸ் பந்தைப் பாதியாக வெட்டி, நாலு பாதியையும் கவிழ்த்து, அதன்மேல் ஒரு கருங்கல் பலகை, பலகைமேல் ரேர்ன்ரேபிள். பிறகு ஸ்பிரிட் லெவல் வைத்து மட்டம் பாருங்கள். பந்து எல்லாம் ஒரேயளவாக அமுங்காது.

ஊசியின் பாரத்தில் ஒரு கிராம் கூடினாலும் குறைந்தாலும் பெரிய வித்தியாசம். முதலில் ஊசியைத் தாங்கும் ரேர்ன்ரேபிள் கையின் பின்பாரத்தைத் திருப்பி, அந்தக் கை தானாக மட்டத்தில் மிதக்கும்படி செய்யுங்கள். அந்த இடத்தில் எண் வளையத்தைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, பிறகு காட்ரிஜ் (கையின் நுனியில் ஊசி பொருத்திய சிறு பெட்டி) கேட்கிற பாரத்துக்குத் திருப்புங்கள். பரவலாகக் கிடைக்கிற ஓடியோ ரெக்னிக்கா விஎம்95இ 2 கிராம் கேட்கும். பாரம் குறைந்தால் றெக்கோட் தேயாது என்று பலர் 1 கிராமில் விடுகிறார்கள். அது பிழை. ஊசி பள்ளத்துக்குள் உறுதியாக இராமல் அங்குமிங்கும் அடித்து, பாரம் கூடியதைவிட மோசமாகச் சுவரைச் சுரண்டும். 'ஸ' சத்தம் எல்லாம் கரகரவென்று சிதறினால் முதலில் பாரத்தைப் பாருங்கள். சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்து, பேஸ் இல்லாமல் கேட்டால் ஊசியில் குற்றமில்லை. ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெருப்பிக்கும் ஃபோனோ பிரிஅம்ப் இல்லாமல் நேரே அம்பிளிபயரில் செருகியிருக்கிறீர்கள்.

வெளிநாட்டுச் சொந்தக்காரர் என்றது அமெரிக்காவிலிருந்து அன்போடு வந்த பழைய மெஷினை. இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்போமர் வோல்ற்றைக் குறைக்கும், ஹேர்ட்ஸை மாற்றாது. 60 ஹேர்ட்ஸுக்கெனச் செய்த ஏசி மோட்டர் இங்கே ஆறில் ஐந்து வேகத்தில்தான் சுற்றும்: நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்குப் பதில் 27.8. சுருதி ஒன்றரைக் கட்டை இறங்கும். போல் பாடுவதை ஜோன் என்று அடித்துச் சொல்லிச் சண்டை பிடிப்பார்கள். மோட்டர் தண்டிலுள்ள சிறு சில்லை (pulley) 50 ஹேர்ட்ஸுக்கு உரியதாக மாற்றினால் தீரும். டிசி மோட்டர் என்றால் இந்தத் தொல்லையே இல்லை.

ஈரத்துக்கு வருவோம். கடதாசி உறை கொழும்புக் காற்றில் ஈரத்தைக் குடித்து, றெக்கோட்டில் வெள்ளைப் பூஞ்சணம் பூக்கச் செய்யும். உள்ளுறையைப் பொலித்தீனுக்கு மாற்றி, நிமிர்த்தி அடுக்கி, வெளிச்சுவரை ஒட்டாத அலுமாரியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். கழுவ, மூன்று பங்கு வடித்த நீர், ஒரு பங்கு ஐசோபுரொப்பைல் அல்ககோல். வடித்த நீருக்கு பற்றரித் தண்ணீர் போதும், அசிட் கலந்ததை மாறி வாங்கிவிடாதீர்கள். மைக்ரோபைபர் துணியால் பள்ளம் போகிற திசையிலேயே துடைத்து, நடுவிலுள்ள லேபிள் நனையாமல் பிடித்து, நிமிர்த்திக் காயவிடுங்கள்.

ஒரேயொரு எச்சரிக்கை. பீற்றில்ஸ் பாட்டுகள் கல்கத்தாவின் டம்டம் ஆலையில் 78 வேக அரக்குத் தட்டுகளாகவும் அச்சாகின. தாத்தாவின் பெட்டிக்குள் அப்படி ஒன்று அகப்பட்டால் அல்ககோல் தொடக்கூடாது. அரக்கு அதில் கரையும். சாதாரண ஊசியையும் வைக்கக்கூடாது, 78இன் பள்ளம் அதற்கு மிக அகலம். அதை அன்றைக்குப் போடவே வேண்டாம்.

ஒக்ரோபர், நவம்பரில் பின்னேரம் இடி முழக்கம் தொடங்கினால் சுவிச்சை மட்டும் அணைத்தால் போதாது, பிளக்கையே கழற்றுங்கள்.

எதை எந்த ஒழுங்கில் போடுவது

முதலில் எல்லாருக்கும் ஒரு சூத்திரம் சொல்லிவிடுங்கள். பாட்டை எழுதியவர் 'லெனன்–மக்காட்னி' (ஜோனும் போலும்) என்று போட்டிருந்தாலும் முன்னணிக் குரல் யாருடையதோ, பாட்டும் பெரும்பாலும் அவருடையதே. ரிங்கோ பாடுகிறவையும், தொடக்க காலத்தில் ஜோர்ஜுக்குக் கொடுத்தவையும் விலக்கு.

'திஸ் போய்' (1963): ஜோன், போல், ஜோர்ஜ் மூவரும் ஒரே மைக்கைச் சுற்றி நின்று பாடியது. மூச்சு எடுப்பதுகூட ஒன்றாக. அடுத்து 1964இன் 'இஃப் ஐ ஃபெல்'. இதில் நேரம் செலவழியுங்கள், மாலையின் உயிரே இதில்தான். ஜோன் தனியே தொடங்குவார், பிறகு போல் மேலே ஏறிக்கொள்வார். இருவரும் தாங்களாகக் கேட்டு ஒரே மைக்கில் பாடினார்கள். ஒருமுறை கீழ்க்குரலை மட்டும் பின்தொடரச் சொல்லுங்கள், மறுமுறை மேற்குரலை. இரண்டும் தனித்தனி மெட்டாகவே நிற்கும். எது பாட்டு, எது துணை என்று பிரிக்க முடியாது. ஸ்ரீரியோப் பதிப்பில் ஏறக்குறைய 1 நிமிடம் 45 செக்கனில் போலின் குரல் உச்சத்தில் உடையும். மோனோவில் அது இல்லை. உடைந்த இடத்திலும் ஜோன் அசையாமல் கீழே பிடித்துக்கொண்டிருப்பதைக் கேளுங்கள்.

1965இன் 'வீ கான் வேர்க் இற் அவுட்'டில் போல் சமாதானம் பேசுவார், நடுப்பகுதியில் ஜோன் பொறுமையிழப்பார். அந்த இடத்தில் தாளம் வோல்ற்ஸுக்குச் சாய்வது ஜோர்ஜின் யோசனை. 'எ டே இன் த லைஃப்' (1967) இரண்டு பேரின் இரண்டு அரைப்பாட்டு. ஒட்டிய தையலில் அலாரம் அடிக்கும்.

1968இலிருந்து இல்லாதவரைத் தேடுங்கள். அந்த ஓகஸ்ற் 22இல் ரிங்கோ கோபித்துக்கொண்டு போய்விட்டார். 'பக் இன் த யூஎஸ்எஸ்ஆர்', 'டியர் புரூடென்ஸ்' இரண்டிலும் ட்ரம்ஸ் அவருடையதல்ல. முன்னே பின்னே ரிங்கோ வாசித்த ஏதாவதொன்றைப் போட்டு ஒப்பிட்டால் அடியின் சாய்வு வேறாக இருப்பது தெரியும். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தபோது அவருடைய ட்ரம்ஸ் முழுக்கப் பூ. அதே அல்பத்தில் ஜோர்ஜின் 'வைல் மை கிற்றார் ஜென்ட்லி வீப்ஸ்': முன்னணிக் கிற்றார் எரிக் கிளப்ரன். விருந்தாளி முன்னால் வீட்டுக்காரர் அடக்கமாக இருப்பார்கள் என்று ஜோர்ஜுக்குத் தெரியும். 1969 ஜனவரி 10இல் அவரே வெளிநடப்புச் செய்து திரும்பிய பிறகும் இதே மருந்துதான்; இம்முறை கீபோட்டில் பில்லி பிறெஸ்ரன்.

'ரூ ஒஃப் அஸ்' போல் தன் காதலி லிண்டாவை நினைத்து எழுதியது. ஜோனும் சேர்ந்து பாடும்போது அப்படி நம்புவது கஷ்டம், அதில் தப்பில்லை. 'பலட் ஒஃப் ஜோன் அண்ட் யோக்கோ' 1969 ஏப்ரல் 14இல் இரண்டே பேர் சேர்ந்து முடித்தது, ட்ரம்ஸில் போல். தன் கலியாணத்தைப் பற்றி ஜோன் எழுதிய பாட்டுக்குப் போல்தான் தாளம் போட்டார் என்பதை யோக்கோ வாதக்காரருக்கு அந்த நேரத்தில் நினைவூட்டலாம்.

'அபி றோட்' இரண்டாம் பக்கத்தைத் துண்டு போடாமல் விடுங்கள். போனில் என்றால் ஷஃபிளை அணைத்து, குரொஸ்ஃபேடை (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலப்பது) பூச்சியமாக்குங்கள். இல்லாவிட்டால் மெட்லியின், அதாவது ஒன்றோடொன்று ஒட்டிய பாட்டுகளின், பொருத்துகள் குழம்பும். 'பிகோஸ்' மூன்று பேர், மூன்று தரம், ஒன்பது குரல். 'தி எண்ட்'இல் ரிங்கோவின் தனி முடிந்து மூன்று கிற்றார்கள் மாறி மாறி வரும். ஒழுங்கு போல், ஜோர்ஜ், ஜோன். ஆளுக்கு இரண்டு சுற்றுத் தாளம், அப்படி மூன்று தரம். எட்டு எட்டாக விரலில் எண்ணினால் பிடிபடும். போலினது கூர்மை, ஜோர்ஜினது வழுக்கிப் போகும், ஜோனினது கரடுமுரடாக உறுமும். முதல் தரம் எல்லாரும் தவறவிடுவார்கள். மூன்று தரம் போடுங்கள்.

சண்டை வந்தால்

வரும். சுவரில் ஒரு தாளில் திகதிகளை எழுதி ஒட்டிவிடுங்கள். 1967 ஓகஸ்ற் 27: மனேஜர் பிறையன் எப்ஸ்ரைன் மரணம். 1969இன் தொடக்கம்: பாண்டின் காசு விவகாரத்தைப் பார்ப்பது மனேஜர் அலன் கிளைனா, லிண்டாவின் வீட்டாரான ஈஸ்ற்மன்களா என்ற கணக்கு வழக்குத் தகராறு. 1969 செப்ரெம்பர் 20: ஜோன் விலகுவதாக உள்ளே சொன்ன நாள். 1970 ஏப்ரல் 10: போல் விலகிய செய்தி பத்திரிகையில். அதே வருடம் டிசெம்பர் 31: பாண்டின் கூட்டைக் கலைக்கப் போல் வழக்குப் போடுகிறார். பெண்ணைக் குற்றம் சாட்டுவதைவிடக் காசுக் கணக்கைப் பார்ப்பது சலிப்பான வேலை, அதனால்தான் யோக்கோ கதை இன்னமும் ஓடுகிறது.

1971இல் ஜோனும் போலும் பாட்டிலேயே குத்திக்கொண்டவற்றைப் போட்டால் அறை சூடாகும். போட்டேயாக வேண்டுமென்றால் உடனேயே ரிங்கோவின் 1973 அல்பத்துக்குத் தாவுங்கள். ஒரே நேரத்தில் இல்லாவிட்டாலும் மற்ற மூவரும் அதில் வந்து உழைத்திருக்கிறார்கள். பிறகு 1982இல் ஜோனுக்காகப் போல் பாடிய 'ஹியர் ருடே'.

தின்பண்டம் இரண்டாம் பக்கம் முடிந்த பிறகு. ரோல்ஸும் பற்றீஸும் தின்ற கையால் றெக்கோட்டைத் தொட்டால் எண்ணெய் பள்ளத்துக்குள் போய்த் தூசியைப் பிடித்து வைக்கும். துடைத்தால் போகாது, கழுவவே வேண்டும். பிளேன்ரீயை ரேர்ன்ரேபிள் நிற்கிற தட்டில் வைக்க யாரையும் விடாதீர்கள். ஆறரைக்குத் தொடங்கினால் ஒன்பதரைக்குள் முடியும், கீழ்வீட்டாருக்கும் நிம்மதி.

கடைசியாக 'நவ் அண்ட் தென்'. எழுபதுகளின் பிற்பாதியில் ஜோன் வீட்டுக் கசற்றில் பாடியது. 1995இல் மற்ற மூவரும் தொட்டுப் பார்த்துக் கைவிட்டார்கள். பியானோவுக்குள் புதைந்த குரலைப் பிரிக்க அப்போது வழியில்லை. 2023 நவம்பர் 2இல் வெளியானதில் ஜோர்ஜின் கிற்றார் 1995இல் வாசித்தது, நடுவில் வரும் ஸ்லைட் போல் ஜோர்ஜின் பாணியில் வாசித்தது. இதைப் போனிலிருந்து போடுவதாக இருந்தால் ஓட்டோபிளேயை முன்கூட்டியே நிறுத்துங்கள். இல்லாவிட்டால் கடைசிச் சுரம் அடங்க முன்னமே வேறு யாரோ பாடத் தொடங்கிவிடுவார்.