முதுசொம்: பித்தளைச் சொம்பையும் கத்தரி விதையையும் பேணிக் கைமாற்றும் முறை

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமை, குடும்பத்தின் சொத்தை முதுசொம், சீதனம், தேடிய தேட்டம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707-ஆம் ஆண்டு எழுத்து வடிவம் பெற்ற அச்சட்டத்தில், முன்னோர் வழியாக வந்து சேர்ந்தது எதுவோ அதுவே முதுசொம். இச்சொல்லைக் கேட்டதும் நமக்கு நிலமும் நகையும் நினைவுக்கு வருகின்றன. பரணில் தொங்கிய விதைச் சுரைக்குடுக்கை வருவதில்லை. ஆனால் விதைத்த நெல்லை மழை இரவில் வாரி வந்து அடியாருக்கு அமுது சமைத்த இளையான்குடி மாற நாயனாரின் கதையைக் கேட்டு நம் முன்னோர் உருகியதற்குக் காரணம், பட்டினி கிடந்தாலும் விதைநெல்லைத் தொடக்கூடாது என்பது அவர்கள் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்ததுதான்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் இக்கட்டுரையின் நோக்கம் புரியும். அப்பாயி இறந்தபின், அவருடைய பித்தளைச் சொம்பையும், அவர் ஆண்டுதோறும் எடுத்து வைத்த முள்ளுக்கத்தரி விதையையும் அப்பா ஒரே பீரோவில் பத்திரப்படுத்தினார். எட்டு ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது சொம்பு அப்படியே இருந்தது. விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்தோம், ஒன்றுகூட முளைக்கவில்லை. பூட்டி வைத்தால் பாத்திரம் பிழைக்கும், விதை பிழைக்காது. ஆகவே இரண்டையும் பேணும் முறை வேறு வேறு.

பாத்திரத்திலிருந்து தொடங்குவோம். பழைய பித்தளைப் பாத்திரத்தின் கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். யார், யாருக்கு, எந்தத் தேதியில் கொடுத்தார் என்பது பல நேரங்களில் அந்த ஒரு வரியில் அடங்கிவிடும். மெருகேற்றும் கடையில் இயந்திரத்தில் கொடுத்துத் தேய்த்தால் முதலில் மறைவது அந்தப் புள்ளிகள்தான். எனவே பெயர் வெட்டிய இடத்தைச் சாய்வான வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொண்டு, புளியும் சிறிது உப்பும் கொண்டு கையால் துலக்கி, உடனே கழுவி ஈரம் போகத் துடைத்தாலே போதும். அதில் சமைக்க விரும்பினால் உட்புறம் ஈயம் பூசியிருக்க வேண்டும். பூசுபவரிடம் காரீயம் கலக்காத வெள்ளீயம்தானா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். பட்டுப்புடவையைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து வெளுத்த பருத்தி வேட்டியில் சுற்றி, மூன்று மாதத்திற்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வைக்க வேண்டும். பாச்சை உருண்டை சரிகையில் படக்கூடாது. வீட்டில் ஓலைச்சுவடி இருந்தால் நீங்களாக எதுவும் தடவாமல், சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தையோ தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையையோ அணுகுவதே முறை.

இனி விதைக்கு வருவோம். கையிலிருப்பது நாட்டு விதைதானா என்பதை முதலில் அறிய வேண்டும். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகத்திலிருந்து எடுத்த விதை மறுமுறை தாயைப்போல் வராது. காய்கள் பலவிதமாகப் பிரிந்து வரும். எத்தனை ஆண்டாக இதே விதையை எடுத்து விதைக்கிறீர்கள், ஒரே மாதிரி காய்க்கிறதா என்று கொடுப்பவரிடம் கேட்பதே எளிய சோதனை.

கத்தரியை எடுத்துக்கொண்டால், பறித்ததுபோக மிஞ்சிய கடைசிக் காயை விதைக்கு விடுவதுதான் பலரும் செய்யும் தவறு. நன்றாகக் காய்த்த, நோய் தாக்காத செடிகளைக் காய்ப்பின் தொடக்கத்திலேயே தேர்ந்து, தண்டில் வண்ணத்துணி கட்டி வையுங்கள். ஒரே செடியை நம்பாமல் ஐந்தாறு செடிகளிலிருந்து எடுத்தால் ரகத்தின் வலிமை குன்றாது. கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் என்றாலும் வண்டும் தேனீயும் வேறு ரகத்தின் மகரந்தத்தைக் கொண்டுவரக்கூடும் என்பதால், பக்கத்தில் வேறு கத்தரி இருந்தால் மொட்டு விரியுமுன் மெல்லிய துணிப்பையால் மூடி, பிஞ்சு பிடித்தபின் பையை அகற்றி அடையாளம் கட்ட வேண்டும். அந்தக் காய் முற்றி, மஞ்சளாகி, தோல் மங்கும் வரை செடியிலேயே நிற்கட்டும். பிறகு அறுத்து, சதையோடு நீரில் பிசைந்து, மிதப்பதைக் கொட்டிவிட்டு அடியில் தங்கிய விதையை மட்டும் எடுத்து, துணியில் மெல்லிதாகப் பரப்பி, நிழலிலும் காலை இளவெயிலிலும் மாறி மாறி உலர்த்த வேண்டும். உச்சிவெயிலில் சூடேறிய தகரத்திலோ சிமெண்ட் தரையிலோ பரப்பினால் முளைக்கரு வெந்துவிடும்.

பூசணி, சுரை, பீர்க்கு ஆகியவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி என்பதால் கலப்பு மிக எளிதில் நேரும். விரியும் தறுவாயிலுள்ள இருவகை மொட்டுகளையும் நூலால் கட்டி வைத்து, விரியும் வேளையில் அவிழ்த்து, ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் தடவி, மீண்டும் கட்டிவிட வேண்டும். பூசணி விடியலில் பூக்கும். சுரையும் பீர்க்கும் மாலையில் பூக்கும். நேரம் தவறினால் பலனில்லை.

நெல்லில் இந்தச் சிரமம் குறைவு. அது பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையால் மணி பிடிப்பது என்பதால் பக்கத்து ரகத்திலிருந்து மூன்று மீட்டர் விலகியிருந்தாலே போதும். ஆனால் கலவன் எடுப்பதில் சோம்பல் கூடாது. ஏறத்தாழ 160 நாள் வயதுடைய மாப்பிள்ளைச் சம்பாவின் நடுவே முன்னதாகவே கதிர்விட்டோ குட்டையாகவோ நிற்கும் பயிரை, பூக்கும் பருவத்திலேயே வேரோடு பிடுங்கிவிட வேண்டும். விதைக்கும்முன் உப்புக்கரைசலில் முட்டை மிதந்து நாணய அளவு மேலே தெரியும்படி உப்பைக் கூட்டி, அதில் நெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும். அடியில் தங்கிய கனமான நெல்லை நல்ல நீரில் இருமுறை அலசிவிட்டு விதைக்கலாம்.

சேமிப்பில் ஈரம்தான் எதிரி. விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது விதை அறிவியலார் கையாளும் பொதுக் கணக்கு. பல்லிடுக்கில் வைத்துக் கடித்தால் நெல் நசுங்காமல் ‘கடக்’கென்று உடைய வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னதும் அதைத்தான். உலர்ந்த காய்கறி விதையைச் சலித்த சாம்பலில் புரட்டிக் காற்றுப்புகாத கலயத்தில் வைக்கலாம். சுரை, பூசணி விதைகளைச் சாணத்தில் பதித்துச் சுவரில் அப்பி வைத்த பழைய முறை இன்றும் பயன்படும். எதுவாயினும், வெங்காய விதை ஓராண்டைத் தாண்டினால் நம்பிக்கை வைக்க முடியாது. கத்தரி மூன்று ஆண்டுவரை தாங்கும். ஆண்டுக்கு ஒருமுறை இருபது விதையை ஈரச்சாக்கில் சுருட்டி முளைப்பு பாருங்கள். பதினாறுக்குக் கீழே இறங்கினால் அடுத்த பட்டத்திலேயே விதைத்துப் புதுப்பியுங்கள்.

நன்றாகச் சேமித்த விதையும் ஒரே வீட்டில் இருந்தால் ஒரு மழைக்காலத்தில் போய்விடும். 1966-இல் ஐ.ஆர். 8 என்ற, அதிக விளைச்சல் தரும் குட்டை நெல் ரகம் வந்தபின், உரமிட்டால் சாய்ந்துவிடும் உயரமான நாட்டு நெற்கள் வயலை இழந்தன. அவை முற்றாக அழியாமல் நின்றது, யாரோ ஒருவர் தம் வீட்டுத் தேவைக்கென ஒரு மூலையில் விதைத்து வந்ததால்தான். அப்படி எஞ்சியவற்றைத் தேடிச் சேர்த்து 174 ரகங்கள் வரை மீட்டவர், 2018 டிசம்பர் 6-ஆம் நாள் மறைந்த நெல் ஜெயராமன். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் அவர் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதை பெறும் உழவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பதே ஏற்பாடு. இதைவிடச் சிறந்த பாதுகாப்புப் பெட்டகம் எனக்குத் தெரியவில்லை. விதையை எடுத்து வைக்கவும், பரிமாறவும், விற்கவும் உழவருக்குள்ள உரிமையை 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டமும் ஏற்கிறது. பாதுகாப்புப் பெற்ற ரகத்தை வணிகப் பெயரிட்டு விற்பதற்கு மட்டுமே அதில் தடை உண்டு.

ஆகவே குறைந்தது மூன்று வீடுகளுக்குக் கொடுங்கள். அதில் ஒன்று வெளியூராக இருக்கட்டும். பொட்டலத்தின் மேல் ரகத்தின் பெயர், யாரிடமிருந்து வந்தது, எந்த ஊர் மண், எடுத்த மாதம், எப்படிச் சமைத்தால் ருசி என்பதைத் தமிழில் எழுதுங்கள். ஒரு சுட்ட கத்தரிக்காய்க் கொத்சுக் குறிப்பும் முதுசொத்தின் ஒரு பகுதிதான். எங்கள் முள்ளுக்கத்தரி திரும்பக் கிடைத்தது அத்தை வீட்டிலிருந்து; கல்யாணமாகிப் போகும்போது அவர் முந்தானையில் முடிந்து சென்ற விதை, முப்பது ஆண்டுகளாக அவர்கள் கொல்லையில் மாறாமல் விளைந்துகொண்டிருந்தது. இப்போது ஒவ்வோர் ஆண்டும் ஆனி மாதக் கடைசியில், ஆடிப்பட்டத்திற்கு நாற்று விடுவதற்கு முன்பாக, இரு வீட்டாரும் ஒரு பிடி விதையை மாற்றிக்கொள்கிறோம்.